சங்கிலியில் சிக்காதவள்

கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருந்தாலும், யார் வந்து கேட்டாலும் அதைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் எழுதாத சட்டம். கணக்கு வாத்தியார் உலகநாதனுக்குப் பின்னம் முடியவில்லையா, பி.டி. பீரியட். ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் பழக்க வேண்டுமா, பி.டி. பீரியட். ஹில்டா டீச்சர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தர்மம் நின்றது. முதல் வாரமே உலகநாதன் சாரிடம், பின்னத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், ஓட்டத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். உலகநாதன் சார் அதற்கப்புறம் அவரிடம் காலை வணக்கத்தைத் தவிர வேறு எதையும் கொடுத்து வாங்கியதில்லை.

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்புறம் இருந்த பெண்கள் நடுநிலைப் பள்ளி அது. மைதானம் என்று பெயர் வைத்திருந்த இடத்தில் ஒரு பூவரச மரம், ஒரு அடிபம்பு, நட்ட நடுவில் ஒரு கரண்ட் கம்பம். கம்பத்தில் யாரும் மண்டையை இடித்துக்கொள்ளாமல் நாற்பது பெண்களை ஓடவைப்பதே ஒரு வித்தை. டீச்சருக்கு அந்த வித்தை கைவந்திருந்தது. கழுத்துச் சங்கிலியில் சின்னதாக ஒரு சிலுவை, அதன்மேல் கறுப்புக் கயிற்றில் பெரியதாக ஒரு விசில். அரை மணி நேரம் மூச்சிரைக்க ஓடுகிற பெண்ணுக்கு வேறு மருந்து வேண்டாம் என்பது அவருடைய வேதம். ஓடாத பெண்ணைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

அவர் அடிக்கடி விளையாடவைப்பது சங்கிலி. ஒருத்தி துரத்துவாள். அவள் யாரைத் தொடுகிறாளோ அவளும் கைகோத்துக்கொண்டு சேர்ந்து துரத்த வேண்டும். தொடத் தொடச் சங்கிலி நீளும். ஓடுகிறவர்களுக்கு இடம் குறுகும். நடுவில் கை விட்டுப்போனால் தொட்டது செல்லாது. கடைசிவரை யார் கையிலும் சிக்காதவள் எவளோ, அவளுக்குத்தான் வெற்றி.

எண்பத்தேழு ஜூனில் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த நாகவல்லி, எந்த ஆட்டத்திலும் முதலில் சிக்குகிறவளாக இருந்தாள். டைபாய்டு காய்ச்சல் அவளுடைய ஒரு வருஷப் படிப்பையும் தலைமுடியையும் தின்றுவிட்டிருந்தது. கிராப்பு வெட்டிய பையன் மாதிரித் தலை, முட்டி தெரியும் கால்கள். வெள்ளானூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். விசில் ஊதிய மறு நொடி எவளாவது ஒருத்தி அவளைத் தொட்டுவிடுவாள். சங்கிலியில் சேர்ந்தால் மற்றவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இழுபடுவாள். அவள் கையில்தான் சங்கிலி அறும். அறுந்தால் நாற்பது பேரும் அவளைத் திட்டுவார்கள். ஆட்டம் கெடுகிறதே என்று டீச்சரும், "போய் மரத்தடியில உக்காரும்மா" என்று சொல்லிவிடுவார். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு சொல்லவே தேவைப்படவில்லை. தொடப்பட்டதும் நாகவல்லி தானாகவே போய்ப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த இலைகளைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவள் வருவதே நின்றுபோனது.

ஒரு நாள் அவளுடைய அம்மா வேம்புலியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் திருகாணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடுகிற வேலை அவளுக்கு. ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தாள். விரல் நுனிகள் எண்ணெயில் கறுத்திருந்தன. வகுப்பு டீச்சர் அன்று லீவு என்பதால் ஹில்டா டீச்சரிடம் அனுப்பிவைத்தார்கள்.

"செவ்வாக்கெழமயும் வெள்ளிக்கெழமயும் கரெக்டா வயித்து நோவுன்னுது டீச்சர். வேப்பெல அடிச்சிப் பாத்தாச்சு, ஆஸ்பத்திரிக்கும் இட்டுகினு போயாச்சு. காச்சலு போச்சு, இது இன்னா நோவுன்னு தெரியல. மறுபடியும் எங்க படுத்துடுமோன்னு பயமா கீது."

என்ன நோவு என்று ஹில்டா டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆறாம் வகுப்புக்கு பி.டி. அந்த நோவுக்கு வேர் தன் விசிலில்தான் இருக்கிறது என்பதை அந்த எண்ணெய் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அன்று சாயந்திரம் வீட்டில் சப்பாத்தி தேய்க்கும்போது நெஞ்சு குறுகுறுத்தது. ஓடாத பெண்ணைக் கண்டால் கை பரபரக்கிற அவர்தானே ஒரு பெண்ணை மரத்தடிக்கு அனுப்பினார்? அந்தக் குறுகுறுப்பில்தான் அந்த யோசனை பிறந்தது. குற்ற உணர்ச்சியில் பிறக்கிற யோசனைகளுக்கு எப்போதும் ஒரு கால் ஊனம்.

தெருவில் விளையாடுகிற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டத்துக்குச் சின்னதாக ஒரு தம்பியோ தங்கையோ வந்து நின்று அழுதால், "சரி வா, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வார்கள். அது எல்லாரோடும் ஓடும், எல்லாரோடும் கத்தும். ஆனால் அதைப் பிடித்தாலும் அவுட் கிடையாது, அது பிடித்தாலும் கணக்கில் கிடையாது. அதுவும் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கும். ஏனென்றால் தான் யார் என்பது அதற்குத் தெரியும்.

டீச்சர் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் பதினொரு வயசுப் பெண்ணை நாற்பது பேர் முன்னால் ஒப்புக்குச் சப்பாணி என்றால் மனசு புண்படாதா என்று நினைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, வயிற்று நோவு வந்தாலும் பரவாயில்லை, வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லி நாகவல்லியை வரவழைத்தார். பெரிய டீச்சர் அறையிலிருந்து சுண்ணாம்புப் பொடி வாங்கி வரும்படி அவளை அனுப்பிவிட்டு, மற்றவர்களைக் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார். இனிமேல் நாகவல்லியை யாரும் தொடக் கூடாது. தொடுகிற மாதிரி வந்து விட்டுவிட வேண்டும். அவளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது.

வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள் ஞானகுமாரி. நெடுங்கால்கள், நெற்றியில் எப்போதும் வியர்வை. அவள்தான் கை தூக்கினாள்.

"தெருவுல சொல்லிட்டுத்தான டீச்சர் சேத்துக்குவோம்? சொல்லாம சேத்தா ஏமாத்துற மாதிரி இல்ல?"

"ஏமாத்துறது இல்லடி. அதுக்குப் பேரு அன்பு" என்றார் ஹில்டா டீச்சர்.

ஞானகுமாரி கையை இறக்கிக்கொண்டாள். அன்புக்கு எதிராக அந்த வயசில் என்ன பேச முடியும்? அதுவும் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பவரும் இதே டீச்சர்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாற்பது பெண் பிள்ளைகள் சேர்ந்தால் முடியும். பெரியவர்கள் ஒரு ரகசியத்தை நாலு நாளில் கொட்டிவிடுவார்கள். இந்தப் பெண்கள் அதை ஒரு விரதம் மாதிரிக் காத்தார்கள். சங்கிலி நாகவல்லியை நெருங்கும்போது சரியாக நடுவில் ஒரு கை நழுவும். துரத்துகிறவள் செருப்பு கழன்றதாக நின்றுவிடுவாள். வேறொருத்தி கம்பத்தைச் சுற்றி வந்து தலை சுற்றியதாகத் தள்ளாடுவாள். நாளாக ஆக இதுவே அவர்களுக்குத் தனி ஆட்டமாகிவிட்டது. நாகவல்லியை யார் அழகாகத் தப்பவிடுவது என்பதில் போட்டி. அதிலும் ஞானகுமாரிதான் முதல். ஒரு விரல் இடைவெளி வரை துரத்தி வந்து, நாகவல்லி திரும்பிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகப் புழுதி பறக்க விழுவாள். முதலில் அவள் நிஜமாகவே விழுந்துவிட்டாள் என்று நினைத்து டீச்சரே ஓடிப்போய்த் தூக்கினார்.

நாகவல்லி தேறினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், பொய் எதற்கு? வயிற்று நோவு போன இடம் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்பியது. முடி வளர்ந்து காதை மூடியது, பிறகு தோளைத் தொட்டது. உலகநாதன் சாரின் கரும்பலகைக்கு முன்னால் போய்ப் பயமில்லாமல் பின்னம் போட்டாள். சங்கிலியில் கடைசிவரை சிக்காதவள் என்ற பெயரோடு பஸ்ஸில் ஏறிப் பெயரோடு இறங்கினாள். வேம்புலியம்மாள் ஒரு நாள் மஞ்சள் பை நிறைய முருங்கைக்காயோடு வந்து, "பொண்ணு மறுபடி பொறந்த மாதிரி கீது, எல்லாம் உங்க கை ராசி" என்று சொல்லி டீச்சர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டீச்சர் வாங்கிக்கொண்டார், முருங்கைக்காயையும் அந்த வார்த்தையையும். அன்று சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் முள் குத்தத் தொடங்கியது.

ஏழாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் இருக்கும். அடிபம்பில் பெண்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாகவல்லி பம்பை அடித்துக்கொண்டே ஞானகுமாரிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நீ கை நீட்டும் முன்னாலேயே தோளைச் சாய்க்கிறாய், அதனால் எந்தப் பக்கம் வரப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால்தான் உன்னால் என்னைப் பிடிக்க முடியவில்லை. தினம் கொஞ்ச நேரம் நான் பழக்கிவிடட்டுமா என்று கேட்டாள். கேலி இல்லை, கர்வம்கூட இல்லை. தன்னிடம் இருப்பதைப் பகிர்ந்துகொள்கிற நல்ல மனசுதான். ஞானகுமாரி குனிந்து இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்துக் குடித்தபடியே "சரிடி" என்றாள். நிமிரும்போது டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் டீச்சரைச் சுட்டது.

அன்று முதல் அவர் மைதானத்தைச் சரியாகப் பார்க்க ஆரம்பித்தார். நாகவல்லி ஓடவில்லை, திரிந்துகொண்டிருந்தாள். யாரும் துரத்தாதவளுக்கு எதற்கு வேகம்? வளைய வேண்டிய இடத்தில் வளைவதில்லை, திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்ப்பதில்லை. ஒரு வருஷமாக ஒரு பெண் வாரம் தவறாமல் ஜெயித்திருக்கிறாள், ஒரு நாள்கூட விளையாடவில்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து ஞானகுமாரியின் கையும் கெட்டுப்போயிருந்தது. மற்றவர்களைத் துரத்தும்போதும் கடைசி நொடியில் அவள் விரல்கள் தயங்கின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, ஒருத்திக்கு நல்லது செய்யப் போய் இரண்டு பேரைக் கெடுத்துவைத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

நாகவல்லியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அரைப் பரீட்சை முடியட்டும் என்றார். பிறகு அவள் பிறந்த நாள், அன்று எப்படிச் சொல்வது? பிறகு ஒரு மழை. சொல்லாமல் இருக்க விரும்புகிறவருக்குப் பஞ்சாங்கத்தில் எல்லா நாளும் அஷ்டமி, அவர் கிறிஸ்தவராக இருந்தாலும் சரி. வீட்டுக்காரர் டேவிட்டிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். அவர், விளையாட்டுதானே ஹில்டா, இதற்கா இவ்வளவு என்று சிரித்துவிட்டுச் சட்டையை இஸ்திரி போடப் போனார். டீச்சர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. உலகநாதன் சாரும் இதைத்தான் சொல்வார், விளையாட்டுதானே என்று. அது வெறும் விளையாட்டு இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டவர் தான்தான் என்பது அவருக்கு மறக்கவில்லை.

அப்போதுதான் பூந்தமல்லியில் ஜோனல் போட்டி அறிவித்தார்கள். கோ-கோவுக்கு ஒரு பள்ளிக்கு ஒரு அணி. வகுப்பில் பெயர் கேட்டபோது முதலில் எழுந்தவள் நாகவல்லி. ஏழாம் வகுப்பு முழுவதும் மேசையைப் பார்த்தது.

அந்த வார இறுதியில் வேம்புலியம்மாள் மறுபடி வந்தாள். கம்பெனி சூப்பர்வைசரிடம் அந்த நாளுக்கு லீவு சொல்லிவிட்டாளாம். வெள்ளானூரில் அவர்கள் வரிசையில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதாம். பூந்தமல்லிக்கு எத்தனாம் நம்பர் பஸ், உள்ளே பெற்றவர்களை விடுவார்களா என்று கேட்டுப் போக வந்திருந்தாள்.

"சாவக் கெடந்து எழுந்த பொண்ணு டீச்சர். நாலு பேரு முன்னாடி அது ஓடறத ஒரு தபா கண்ணால பாத்துட்டா போதும் எனக்கு."

டீச்சர் பஸ் நம்பரைச் சொன்னார்.

அன்றிரவு முழுக்க அவர் கண்ணுக்குள் ஓடியது பூந்தமல்லி மைதானம்தான். வேறு பள்ளிக்கூடத்துப் பெண்கள் வருவார்கள். அவர்களிடம் யாரும் ரகசியம் சொல்லி வைத்திருக்கவில்லை. முதல் துரத்தலிலேயே ஒருத்தி வந்து நாகவல்லியின் முதுகில் பளிச்சென்று அறைவாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது. பேசாமல் உபரி ஆட்டக்காரியாகச் சேர்த்து, இறக்காமலேயே விட்டுவிடலாமா? வயசு வரம்பு தாண்டிவிட்டது என்று ஒரு பொய் சொல்லலாமா? ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யைத் தேடுகிறோம் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். கர்த்தரிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. கர்த்தர் ஏழாம் வகுப்பில் படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பி.டி. பீரியடில் மற்றவர்களைக் கோடு போடச் சொல்லிவிட்டு, நாகவல்லியை அடிபம்பு பக்கம் கூட்டிப்போனார். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும் என்று நேரடியாகச் சொன்னார். உன்னை யாரும் பிடிக்காமல் இருந்தது உன் வேகத்தால் இல்லை. நான்தான் பிடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். நீ இதுவரை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் விளையாடினாய். தப்பு என்னுடையது, அந்தப் பெண்கள் மேல் தப்பில்லை.

நாகவல்லி முதலில் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து டீச்சர்?"

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து. உனக்கு வயித்து வலி வந்துச்சே, அப்பலேர்ந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"பூங்காவனத்துக்குமா?"

பூங்காவனம் அவள் பக்கத்தில் உட்காருகிறவள். சாப்பாட்டு டப்பாவில் பாதிப் பாதி பகிர்ந்துகொள்கிறவள். டீச்சர் தலையை ஆட்டினார். நாகவல்லி பம்பின் கைப்பிடியைப் பார்த்தாள். இங்கே நின்றுதான் ஞானகுமாரிக்குப் பாடம் நடத்தினோம் என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். காது மடல்கள் சிவந்துபோயின. அழுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அழுதிருந்தால் அணைத்துக்கொள்ளலாம், அதில் தனக்கும் கொஞ்சம் ஆறுதல் கிடைத்திருக்கும். அவள் அழவில்லை.

"அம்மா லீவு சொல்டுச்சே" என்றாள். அப்புறம், "நான் நம்ப மாட்டேன். நெஜமா தொடச் சொல்லுங்க. நான் ஓடறேன்."

டீச்சர் எல்லாரையும் கூட்டினார். நாகவல்லிக்கு விஷயம் தெரியும், இனிமேல் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது, அவளே கேட்கிறாள் என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுண்ணாம்புக் கோட்டுக்குள் நாகவல்லி போய் நின்றாள். துரத்த ஞானகுமாரியை அனுப்பினார் டீச்சர்.

டீச்சர் விசில் ஊதினார். ஞானகுமாரி நாலே எட்டில் பக்கத்தில் வந்துவிட்டாள். ஆனால் கை பழக்கதோஷத்தில் அந்தரத்தில் நின்றது. அந்தக் கை நிற்பதை நாகவல்லி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"தொடுடி" என்றாள் நாகவல்லி.

ஞானகுமாரி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார். அவள் தொட்டாள், ரொம்ப மெதுவாக, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நாகவல்லி திரும்பப் போய்க் கோட்டில் நின்றாள். மறுபடி விசில். மறுபடி சிக்கினாள். இந்தத் தடவை கை முதுகில் பட்ட சத்தம் கேட்டது. மறுபடி போய் நின்றாள். வேறு வேறு பெண்கள் மாறி மாறி வந்தார்கள். வகுப்பிலேயே குண்டான பெண் என்று கேலிக்கு ஆளாகும் அங்கம்மாகூட அவளை மூலையில் மடக்கித் தொட்டுவிட்டாள். தொட்டுவிட்டு அங்கம்மாதான் அழுதாள். போதும் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். நாகவல்லி கேட்கவில்லை. இன்னொரு தபா, இன்னொரு தபா என்று போய்ப் போய்க் கோட்டில் நின்றாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. மூச்சு வாங்கியது. ஆனால் டீச்சரின் பழகிய கண்ணுக்கு ஒன்று தெரிந்தது. அவள் திரிவதை நிறுத்திவிட்டாள். ஓட ஆரம்பித்துவிட்டாள். துரத்துகிறவளின் தோளைப் பார்க்கிறாள். கோட்டைப் பார்க்கிறாள். பாதி ஓட்டத்தில் வளைகிறாள். நிஜமாகவே சிக்கியதால் நிஜமாகவே கற்றுக்கொண்டிருந்தாள். அட பாவி, இதை ஒரு வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாமே என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார்.

கடைசியாக மறுபடி ஞானகுமாரி.

இந்தத் தடவை ஞானகுமாரி எதையும் மிச்சம் வைக்கவில்லை. பழைய ஞானகுமாரியாக நெடுங்காலை வீசிப் பாய்ந்து வந்தாள். நாகவல்லி அவள் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் இடப் பக்கம் சாய்ந்தது. கை நீண்டது. அந்த நொடியில் நாகவல்லி குனிந்து வலப் பக்கமாக அந்தக் கைக்கு அடியில் நுழைந்து போய்விட்டாள். ஞானகுமாரி வந்த வேகத்தில் நிற்க முடியாமல், புழுதி பறக்க முழங்காலில் விழுந்து, கைகளை ஊன்றி, கம்பத்துக்குப் பக்கம் வரை சறுக்கிப் போனாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் சொல்லித் தட்டவில்லை. டீச்சரும் தட்டினார், விசில் கழுத்தில் குதித்தது. முதல் முறையாக, முழு வேகத்தில் வந்த ஒருத்தியின் கையிலிருந்து அவள் தப்பியிருக்கிறாள். சொந்தக் காலால்.

நாகவல்லி மட்டும் கை தட்டுகிறவர்களைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள்.

"இது நீங்க சொன்னதா டீச்சர்?"

"இல்லம்மா. சத்தியமா நான் சொல்லல. நீயேதான் தப்பிச்ச."

"சரி டீச்சர்" என்றாள் நாகவல்லி. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் சொல்கிற அதே சரி.

ஞானகுமாரி நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் பாவாடையில் இறங்கியிருந்தது. அவள் கண்ணில் தண்ணீர், வலியாலா வேறு எதனாலா தெரியவில்லை.

"நெஜமாத்தான்டி தொரத்துனேன். அம்மா மேல சத்தியமா. நீ கிடைக்கவே இல்ல."

நாகவல்லி அந்த முழங்காலைப் பார்த்தாள். ரத்தத்தையும் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நீ எப்பவுமே நல்லா வுழுவ."

ஞானகுமாரி குனிந்து முழங்கால் ரத்தத்தைப் பாவாடை நுனியால் துடைத்தாள். அவள் சத்தியம் செல்லாமல் போகச் செய்தது யார் என்று ஹில்டா டீச்சருக்குத் தெரியும். நாகவல்லியின் ஒரு வருஷத்து வெற்றிகளை மட்டும் அவர் பொய்யாக்கவில்லை. இதோ இப்போது அவள் கண் முன்னால் சம்பாதித்த உண்மையான ஒன்றையும் சேர்த்துப் பறித்துவிட்டார். இனி பூந்தமல்லியில் அவள் ஓடி ஜெயித்தாலும், யாரோ யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். அவளிடம் சத்தியம் செய்வதற்கு டீச்சரிடம் வேறு வார்த்தை இல்லை. இருந்த ஒரே வார்த்தையையும் அன்பு என்று பேர் வைத்துச் செலவழித்தாகிவிட்டது.

நாகவல்லி ரிப்பனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பாவாடையை இறக்கிவிட்டாள். யாரும் அவளை அவுட் என்று சொல்லவில்லை. அவள் தானாகவே நடந்துபோய்ப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.